வேட்டை இல்லாத ஊரில் வேட்டை நாய்

கண்டி வாவிக்கரையில் மாலை வேளைகளில் நடந்து செல்வது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அங்கே எதிர்ப்படும் நண்பர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். பேச்சும் பெரும்பாலும் பரீட்சை, இடமாற்றம், ஓய்வூதியம் என்ற மூன்று எல்லைக்குள் அடங்கிவிடும். ஆகையால், ஒருகாலத்தில் என்னிடம் படித்தவரும் இப்போது தாமே ஆசிரியராய் இருப்பவருமான இளைஞர் ஒருவர் ஒருநாள் என்னை மறித்து, "சேர், பொயின்டர் நல்லதா, ஜேர்மன் பொயின்டர் நல்லதா?" என்று கேட்டபோது நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன்.

அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. கைத்தொலைபேசியிலே படங்களைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை முன்காலைத் தூக்கி, வாலை ஈட்டிபோல் நீட்டி, கல்லாய்ச் சமைந்து நிற்கும் அந்த நாயின்மீது பையனுக்குத் தீராக் காதல் பிறந்துவிட்டது. மைத்துனர் ஒருவருக்குத் தெல்தெனியப் பக்கத்தில் காணி உண்டு. பன்றி விரட்ட அனுமதிப் பத்திரத்தோடு ஒரு துப்பாக்கியும் உண்டு. எனவே வாரநாட்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாகவும், விடுமுறை நாட்களில் காட்டுக்கு ஒரு துணையாகவும் இருக்கத்தக்க நாய் வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். "வேட்டைக்கும் ஆகவேண்டும், வீட்டுக்கும் ஆகவேண்டும், சேர். இரண்டும் சேர்ந்த சாதி எது?" என்றார்.

ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டேன். தவணை கேட்டதற்குக் காரணம் அறியாமை மாத்திரம் அன்று. அப்படிப்பட்ட நாயொன்றை எங்கள் வீட்டிலேயே ஒருகாலத்தில் வைத்திருந்தோம். அதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நான் எவரிடமும் பேசியதில்லை.

வேட்டை நாய் தமிழருக்குப் புதியதன்று. ஞமலி என்றும் ஞாளி என்றும் பழம் புலவர்கள் அதற்குப் பெயரிட்டு வழங்கினர். கானவன் காட்டுக்குள் புகுந்தால் அவன் பின்னே நாயும் புகும். பெரிய புராணத்திலே திண்ணனார் கன்னி வேட்டைக்குப் புறப்படும் காட்சியில் வில்லுக்கும் வலைக்கும் உள்ள இடம் நாய்களுக்கும் உண்டு. தமிழகத்தில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊராலும் பெயராலும் விளங்கும் நாயினங்கள் இன்றும் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாயினங்களுக்கென்று வெளியிட்ட நான்கு முத்திரைகளுள் ஒன்று இராசபாளையத்துக்கு உரியது. நமது தீவிலும், கண்டிக்குக் கிழக்கே மகியங்கனைப் பக்கத்துக் காடுகளில் வேடர்கள் நாயைத் துணைகொண்டு உடும்பும் மானும் வேட்டையாடியதைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிற் காணலாம்.

ஆனால் இந்த நாய்கள் யாவும் ஓடித் துரத்துபவை, அல்லது விலங்கை மறித்து எதிர்த்து நிற்பவை. நாய் ஓடும்; மனிதன் பின்னால் ஓடுவான். நமது இலக்கியமும் நமது காடும் அறிந்த வேட்டை இதுதான். பொயின்டர் என்னும் குறிகாட்டி நாயோ இதற்கு நேர்மாறானது. அது நிற்பதற்காக வளர்க்கப்பட்ட நாய்.

இதன் தொழிலைச் சற்று விளக்கமாய்ச் சொல்லவேண்டும். தெரிவு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஐரோப்பிய வெளிகளிலே கௌதாரி, காடை முதலிய பறவைகள் ஆபத்து நெருங்கும்போது உடனே பறப்பதில்லை. புல்லோடு புல்லாய்ப் பதுங்கிக்கொள்ளும். கண்ணால் அவற்றைக் காண இயலாது. காற்றுக்கு எதிர்முகமாய் வளைந்து வளைந்து ஓடும் நாய், மூக்கிலே மணம் பட்ட கணமே நின்றுவிடவேண்டும். ஓரடி கூட முன்வைத்தல் ஆகாது, குரைத்தலும் ஆகாது. மூக்கு காட்டும் திசையில் பறவை இருக்கிறது என்று வேட்டைக்காரன் அறிந்துகொள்வான். துப்பாக்கி பரவுவதற்கு முன்பு வலைவீசிப் பிடித்த காலத்தில், நாய் நிலத்தோடு படிந்து கிடக்கும். வலையை நாயின் தலைக்கு மேலாகவே இழுத்துப் போடுவார்களாம். படிந்து கிடந்த அந்த வழக்கத்திலிருந்தே செற்றர் என்ற பெயர் வந்தது. துரத்தும் வெறியை நடுவழியிலே தடுத்து நிறுத்தி, அந்த நிறுத்தத்தையே ஒரு குணமாகப் பல தலைமுறைகளில் வளர்த்தெடுத்தது மனிதனுடைய வேலை.

இந்த விந்தை டார்வினையும் கவர்ந்தது. 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் இயல்பூக்கத்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில், எவரும் பழக்காத இளம் பொயின்டர் முதன்முறை வெளியே கொண்டுசெல்லப்படும்போதே குறிகாட்டி நிற்பதைத் தாமே கண்டதாக அவர் எழுதுகிறார். தான் எசமானுக்கு உதவுகிறோம் என்று அந்தக் குட்டிக்குத் தெரியாது என்பதும் அவர் கருத்து. கோவாவின் இலையில் ஏன் முட்டையிடுகிறோம் என்று வண்ணத்துப்பூச்சிக்குத் தெரியாதது போல என்கிறார். இந்தக் கருத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். நாய் உங்களுக்காக நிற்கவில்லை. நிற்காமல் இருக்க அதனால் முடியவில்லை.

அதே 1859ஆம் ஆண்டின் ஆனி மாதத்திலே இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்ற காட்சியை முதலாவது நாய்க் கண்காட்சி என்று சொல்வார்கள். அங்கே பொயின்டருக்கும் செற்றருக்கும் மட்டுமே இடம். பரிசு, துப்பாக்கி. செற்றருக்கு நடுவராய் இருந்தவரின் நாய் பொயின்டர் பிரிவிலும், பொயின்டருக்கு நடுவராய் இருந்தவரின் நாய் செற்றர் பிரிவிலும் முதலிடம் பெற்றன என்பர். பாடசாலைப் போட்டிகளில் நடுவராய் இருந்து பழகிய நம்மவர்க்கு இது அவ்வளவு வியப்பைத் தராது.

இப்போது கண்டிக்கு வருவோம். மத்திய மலைநாட்டுக்கு நாய்க்கூட்டம் கொண்டுவந்தவர்களுள் மிகப் பெயர்பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவ வந்தவர். ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்கியது. இலங்கை வேட்டையைப் பற்றி அவர் இரண்டு நூல்கள் எழுதினார்; இரண்டாவது 1855இல் வந்தது. மரையை நாய்களால் துரத்தி, அது ஓடையிலோ பாறையடியிலோ திரும்பி எதிர்த்து நிற்கும்போது கத்தியோடு இறங்குவது அவருடைய வழக்கம். இந்த வீரத்தை நான் மெச்சவில்லை. ஆனால் தம் நாய்களைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் ஒரு தகப்பனின் குரல் கேட்கிறது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுகிறார்; ஒவ்வொன்றாய் இழக்கிறார். மரையின் கொம்பாலும் சிறுத்தையின் நகத்தாலும் மடிந்தவை பல.

பேக்கரின் புகழெல்லாம் துரத்தும் நாய்களாலும் பாய்ந்து பற்றும் நாய்களாலும் வந்தது. குறிகாட்டி நாய்க்கு அந்தப் பெயர் இங்கே கிட்டாததற்குக் காரணம் நமது பறவைகளிடத்தில் இருக்கிறது. கண்டிப் பக்கத்துக் காட்டுக்கோழி பதுங்கிக் கிடக்கும் பறவையன்று. ஆளரவம் கேட்டவுடன் புதருக்குள் ஓடிவிடும். சுண்டங்கோழியும் அப்படியே. ஓடும் பறவைக்கு முன்னால் நிற்கும் நாய் என்ன செய்யும்? அது நின்றுகொண்டே இருக்கும். பறவை அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். பதுங்கும் இயல்புள்ள உள்ளான் ஐப்பசி முதல் பங்குனி வரையில் வயல்வெளிகளுக்கு வருகின்ற விருந்தாளி. அதைச் சுட்டவர்கள் சேற்றில் இறங்கி விரட்டிக் கொடுக்கக் கூலியாட்களையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே குறிகாட்டி நாய்க்குக் கண்டிச் சீமையில் தனக்கென்று ஒரு வேட்டை என்றைக்கும் சரியாக வாய்த்ததில்லை. துரைமாரின் பங்களா விறாந்தையில் அழகுக்கும் ஊர் நினைவுக்குமாகவே அது படுத்திருந்தது.

அப்படிப் படுத்திருந்த ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஹந்தானை மலைச்சாரலில் ஒரு தோட்டத்தில் என் தந்தையார் கிளாக்கராய் இருந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது அங்கிருந்த பெரிய துரை கடல் கடந்து போனார். போகும்போது தளபாடங்களை விற்றார். நாயை மட்டும் விற்க மனம் வரவில்லை. "கிளாக்கர், இதை உம்முடைய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளும்" என்று சங்கிலியைத் தந்தையாரின் கையிற் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். வெள்ளையில் ஈரல் நிறப் புள்ளிகள் கொண்ட பெண் பொயின்டர். ஜூனோ என்று பெயர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உலகத்தில் என்னைவிடப் பாக்கியசாலி இல்லை என்று எண்ணினேன்.

வந்த முதல் வாரத்திலேயே ஜூனோ தன் வித்தையைக் காட்டியது. லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடியின் கீழே ஒரு பெட்டைக்கோழி அடையிருந்தது. ஜூனோ பத்தடி தூரத்தில் நின்றது. முன்கால் உயர்ந்தது, வால் நீண்டது, கண் இமைக்கவில்லை. கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் கூடிவிட்டோம். "சாமி வந்தமாதிரி நிக்குதே" என்றாள் ஒரு கிழவி. அரைமணி நேரம் அது அசையவில்லை. சுடுவதற்கு ஒருவன் வருவான் என்று அதன் இரத்தம் காத்திருந்ததை நாங்கள் யார் அறிவோம்? கடைசியில் கோழி கத்திக்கொண்டு எழுந்தோடியது. ஜூனோ நடுங்கிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் முறை அது காத்திருக்கவில்லை. கோழிக்குத் தந்தையார் பணம் கொடுத்தார். அதற்கடுத்த கோழிக்கும் கொடுத்தார். அதன்பின் சங்கிலி போடப்பட்டது. எவர்மீதும் குற்றமில்லை. கிளாக்கர் சம்பளத்தில் ஊர்க்கோழிக்கெல்லாம் விலை கொடுக்க முடியாது. தந்தையாருக்குக் காலை ஆறு மணிக்குப் பிரட்டு. அதன்பின் இரவு வரையில் கணக்கு. நான் கண்டிக்குப் பள்ளிக்கூடம் போனால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். தாயாருக்கு அடுப்படி வேலை.

சங்கிலியிற் கிடந்த ஜூனோ சில மாதங்களில் ஒரு புதிய விளையாட்டைக் கண்டுபிடித்தது. முற்றத்தில் தாயார் கவிழ்த்துவைத்த பித்தளைக் குடத்திலே காலை வெயில் பட்டுச் சுவரில் ஓர் ஒளிப்பொட்டு விழும். ஜூனோ அந்தப் பொட்டுக்குக் குறிகாட்டி நின்றது. வெயில் நகரப் பொட்டு நகரும். நாயும் அங்குலம் அங்குலமாய் நகரும். நாங்கள் சிரித்தோம். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து சுவரெங்கும் ஒளியை ஓட்டி அதை ஆட்டிவைத்தோம். விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் காட்டினோம். பிறகு கண்ணாடி வேண்டியிருக்கவில்லை; நிழல் அசைந்தாலே போதும். உணவுத் தட்டை வைத்தாலும் அது சுவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தது. இரண்டாம் வருட மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் கண்டு ஒரு வாரத்திற் போய்விட்டது.

பல ஆண்டுகள் சென்றபின் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திற் கற்றவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஒளியையும் நிழலையும் ஓயாமல் துரத்துவது தொழில் கிடைக்காத வேட்டை நாய்களுக்கு வரும் மனநோய் என்றும், கண்ணாடி விளையாட்டு அதை மூட்டிவிடுவது என்றும் அவர் விளக்கினார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அதே தோட்டத்தில் வேறொரு நாயும் இருந்தது. லயத்திலே ஒரு தொழிலாளி குடும்பத்தின் நாய். கறுப்பன் என்று பெயர். சாதி கேட்டால் எவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் பன்றி வேட்டைக்குப் போனால் முன்னால் ஓடுவது கறுப்பன். அன்றிரவே அடுப்பங்கரையிற் கைக்குழந்தை அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். வேட்டைக்கும் ஆனது, வீட்டுக்கும் ஆனது. என் நண்பர் தேடும் நாய் அதுதான். அதன் இரகசியம் அதன் பிறப்பில் மட்டும் இருந்ததாக நான் எண்ணவில்லை. விடியற்காலை மலைக்குப் போகும்போது கறுப்பன் உடன் போனது. மத்தியானம் நிறுவைக்கு வந்தபோது கொழுந்துக் கூடைகளுக்குப் பக்கத்திலே படுத்திருந்தது. மாலை விறகு கட்டி வரும்போது முன்னால் வந்தது. அந்தக் குடும்பத்தின் உழைப்பு வெளியிலே நடந்தது; ஆகையால் நாயின் வாழ்வும் வெளியிலே நடந்தது. எங்கள் வீட்டிலோ உழைப்பு மேசையில் நடந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நண்பர் கேட்ட சாதிகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

பொயின்டருக்குக் குட்டை மயிர். ஆகையால் வெப்பத்தைத் தாங்குவதில் ஏனையவற்றிலும் மேலானது. மனிதரிடத்தில் மென்மையானது, பிள்ளைகளைக் கடிக்கும் நாய் என்று இதற்குப் பெயரில்லை. ஆனால் இது அகல ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்டது. ஆர்க்ரைட் என்பவர் 1902இல் இந்த ஒரே சாதியின் வரலாற்றைப் பெரு நூலாக எழுதினார். அதிற் பேசப்படும் நிலமெல்லாம் பரந்த வெளி. கண்டியில் எந்தப் பக்கம் ஓடினாலும் ஐந்நூறு அடியில் ஒரு மதில், ஒரு சரிவு, அல்லது ஒரு பஸ்.

செற்றர் அழகின் உச்சி. லாவெரக் என்ற ஆங்கிலேயர் 1825இல் ஒரு சோடியை வாங்கி, அரை நூற்றாண்டு அந்த ஒரு குலத்தையே வளர்த்தார். அயர்லாந்தில் செம்மயிர்ச் செற்றரும் ஸ்கொட்லாந்தில் கறுப்பும் கபிலமும் கலந்த கோர்டன் செற்றரும் உண்டு. எல்லாவற்றுக்கும் காதிலும் காலிலும் வாலிலும் பட்டுப்போன்ற நீள மயிர். நுவரெலியாக் குளிரில் அது அழகாயிருக்கலாம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலேதான் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர். மழைக்காலத்தில் அந்த மயிருக்குள் உண்ணி குடியேறும்; காதுக்குள் சீழ் பிடிக்கும். காட்டுக்குள் சென்றாலோ அட்டை. நாயின் மூக்குத் துவாரத்துக்குள் அட்டை புகுந்து வாரக்கணக்கில் இரத்தம் குடித்துக் கிடந்த கதை மலைநாட்டார் பலருக்குத் தெரியும். நாள்தோறும் அரைமணி நேரம் சீப்பும் கையுமாக உட்கார ஆளில்லாத வீட்டில் செற்றர் வேண்டாம் என்பேன்.

ஜேர்மன் குட்டைமயிர்ப் பொயின்டர் வேறு கணக்கு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியர், செல்வர் வைத்திருப்பதுபோல் வேலைக்கொரு நாய் வைக்க இயலாத வேட்டைக்காரனுக்கு ஒரே நாய் எல்லாம் செய்யவேண்டும் என்று முடிவுசெய்தார்கள். குறிகாட்டவேண்டும், இரத்தச் சுவடு பிடிக்கவேண்டும், நீரில் நீந்தி எடுத்துவரவேண்டும், இரவில் வீட்டையும் காக்கவேண்டும். ஆண் நாய் 62 முதல் 66 சென்ரிமீற்றர் உயரம் நிற்கும். புத்தி கூர்மை, குடும்பத்தோடு ஒட்டும். வேட்டைக்கும் வீட்டுக்கும் என்று கேட்பவருக்கு நூல்கள் முதலிற் காட்டுவது இதைத்தான்; அது பொய்யுமன்று. ஆனால் நூல் எழுதியவர் வீடு என்று சொல்லும்போது, பகலெல்லாம் காட்டில் அலைந்துவிட்டு நாய் திரும்பிவரும் வீட்டைச் சொல்கிறார். அலையாத நாய்க்கு அந்த வீட்டுக் குணம் வராது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேர ஓட்டம், அதற்குமேல் மூளைக்கு ஒரு வேலை. இவை இல்லையெனில் அது கதவைத் தின்னும், மதில் தாவும், கறுப்பனுக்குக் கிட்டாத கெட்ட பெயரையெல்லாம் வாங்கித் தரும்.

ஹங்கேரியின் விஸ்லா, ஜேர்மனியின் சாம்பல் நிற வைமரானர் இரண்டும் படத்திலே பையன்களை மயக்குபவை. விஸ்லா இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய அழிந்து, அகதிகளாய்ப் போனவர்களின் கூடப்போய்ப் பிழைத்த சாதி. அதனாலோ என்னவோ, மனிதரை விட்டு ஒரு கணமும் பிரிந்திருக்காது என்று வேடிக்கையாய்ச் சொல்லத் தோன்றுகிறது. தந்தையும் தாயும் ஆசிரியர். மகன் பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை பூட்டிய வீட்டில் இத்தகைய நாயைத் தனியே விடுவது கொடுமை. பிரான்சின் பிரிட்டனி மட்டுமே உருவிற் சிறியது. ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர். மலைச்சரிவு வீட்டின் சிறு முற்றத்துக்கு அளவு பொருந்தும். அளவு சிறிது என்பதற்காக ஓட்டமும் சிறிது என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

வேட்டைப் பக்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1894இல் துரைமாரே கூடி வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள்; 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது; அது பின்னர் மேலும் மேலும் இறுக்கப்பட்டது. காட்டுக்கோழி இன்று நமது தேசியப் பறவை. அதைச் சுடுவதற்கு நாய் வளர்ப்பது சிறைக்கு வழி தேடுவதாகும். மன்னர் காலத்துக் காடான உடவத்தகெலே 1938 முதல் சரணாலயம். நக்கிள்ஸ் மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட வனம். தெல்தெனியவில் உள்ள மைத்துனருடைய பன்றிக்கும் குறிகாட்டி நாய்க்கும் யாதொரு உறவுமில்லை. பறவைக்கு முன்னால் அசையாது நிற்கப் பிறந்த நாய் பன்றிக்கு முன்னாலும் அசையாது நின்றால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதனினும் பெரிய ஆபத்து கண்ணி. பன்றிக்கென்று வேலியோரத்தில் வைக்கும் கம்பிச் சுருக்கு, வருவது எது என்று பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டு வைகாசியில் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தையொன்று சில நாட்களில் மடிந்தது. நாடே அதற்கு வருந்தியது. அதே சுருக்குகளில் மாளும் நாய்களுக்கு வருந்த அந்த அந்த வீட்டாரே உண்டு. கறுப்பனும் அப்படித்தான் போயிற்று. சிறுத்தையும் தேயிலை மலைகளை விட்டுப் போய்விடவில்லை; பேக்கரின் நாய்களைத் தின்றதன் வழித்தோன்றல் இன்று லயத்து நாயைத் தூக்குகிறது.

எனவே கண்டியில் வாழ்பவர் கேட்கவேண்டிய கேள்வி எந்த நாய் நன்றாக வேட்டையாடும் என்பதன்று. வேட்டை இல்லை, வேட்டைக்குணம் மட்டும் குட்டியோடு வீட்டுக்கு வரும். அந்தக் குணத்துக்கு நாள்தோறும் என்ன கொடுக்கப் போகிறோம்? ஒளித்துவைத்த பொருளை மணத்தால் தேடவைக்கலாம்; நீண்ட கயிற்றிலே பத்தனைப் புல்வெளிக்குக் கொண்டுபோய் ஓடவிடலாம்; பறவைகளைக் குறிகாட்டவைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பலாம். இதற்கெல்லாம் வேண்டியது மனிதனுடைய நேரம். எசல பெரஹரா நாட்களில் வெடிக்கும் கசைக்கும் மிரண்டு ஒடுங்கும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் ஒருவர் வேண்டும்.

வாரம் கழிந்து நண்பரைச் சந்தித்தபோது இதில் பாதியைத்தான் சொன்னேன். ஜூனோவைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திகனவில் ஒரு வீட்டில் ஜேர்மன் குட்டிகள் இருப்பதாகவும், பார்ப்பதற்கு மட்டும் வரும்படியும் அழைத்தார். போனோம். ஏழு வாரக் குட்டிகள் ஆறு. வீட்டுக்காரர் ஒரு தடியின் நுனியில் நூல் கட்டி, நூலின் நுனியிலே கோழியிறகைக் கட்டிப் புல்லில் இழுத்துக் காட்டினார். ஐந்து குட்டிகள் இறகின்மேல் விழுந்து புரண்டன. ஆறாவது குட்டி நின்றது. பிஞ்சு முன்கால் உயர்ந்தது. வால் நடுங்கியபடி நீண்டது. பையனுக்கு மூச்சே நின்றுவிட்டது போலிருந்தது. எனக்குப் பித்தளைக் குடம் நினைவுக்கு வந்தது.

"மாமா, இதை நாங்கள் எடுத்தால் என்ன? நான் தினமும் ஓடுவேன்" என்றான் பையன்.

"நாய்க்கு முன்னால் நீ ஓடிக் காட்டு" என்றேன். "மூன்று மாதம். விடியற்காலை ஐந்தரைக்கு, மழையென்றாலும் பரீட்சையென்றாலும். அப்பாவும் உன்னோடு வரவேண்டும். அதன்பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வீட்டு நாயின் அடுத்த ஈற்றுக்கு நானே வந்து குட்டி தெரிந்து தருகிறேன்."

தந்தை என்னைப் பார்த்த பார்வையில் நன்றியைவிட வேறொன்று அதிகமாயிருந்தது. ஆனால் மறுநாளே தொடங்கினார்கள். கெட்டம்பே மைதானத்தில் இருள் பிரியாத நேரத்தில் இருவரையும் பார்த்ததாக என் நடைத்துணைவர் ஒருவர் சொன்னார். இடையில் ஒரு வாரம் அடைமழை. அப்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம். தந்தைக்கு முழங்காலில் வலி. பையன் ரியூசன் வகுப்பொன்றைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிக்கொண்டான். இது ஒன்பதாவது வாரம்.